ஒரே குழி, இரண்டு வயது: ஒரு பிஸ்கட் பேணியின் கதிர்க்காபன் கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அண்ணாவின் மாடிவீடு இருக்கிறது. அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு பிஸ்கட் பேணி இருந்து வருகிறது. கற்பிட்டிப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, ஆளுயர ஆழத்தில் ஒரு சாண் தடிப்பில் சிப்பிப் படை ஒன்று வெளிப்பட்டது. அன்று அண்ணா அங்கே நின்றார். ஆழத்தை அளந்து, குழியின் பக்கச் சுவரைக் கோட்டுப்படமாக வரைந்து, கை கொண்ட மட்டும் ஓடுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு மூடியும் பிரியாமல் கிடந்த சில மட்டிகளை அப்படியே நூலால் கட்டியும் வைத்தார். அந்த நூல் எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு, வெளிநாட்டில் இருந்த நண்பர் ஒருவர் வழியாக ஒரு கைப்பிடி ஓடுகள், காலப்போக்கில் தேயும் கதிர்க்காபனை (காபன்-14) அளந்து வயது கணிக்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போயின. தட்டச்சுச் செய்த ஒற்றைத் தாள் திரும்பி வந்தது. அதில் ஒரு வயது, அதற்கு ஒரு வழு எல்லை, ‘சிப்பி’ என்று ஒரு சொல். வேறு எதுவும் இல்லை. அந்தத் தாளும் பேணிக்குள் போனது.

இப்போது அண்ணாவின் மகள் வெளிநாட்டில் புவிச்சரிதவியல் மேற்படிப்புப் படிக்கிறாள். நூலால் கட்டிய மட்டி ஒன்றை அவள் எடுத்துப் போய், முடுக்கித் திணிவு நிறமாலைமானி உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் காலம் கணித்தாள். புதிய தாள் வந்தது. அதிலிருந்த வயது பழையதைவிட ஏறத்தாழ 400 ஆண்டு கூடுதல். இரண்டு தாள்களின் வழு எல்லைகளைச் சேர்த்தாலும் அந்த இடைவெளியில் பாதிக்கு வரவில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தாள்களையும் மேசையில் விரித்துவைத்து அண்ணா என்னைக் கேட்டார்: “தம்பி, ஒரு காணியை இரண்டு தரம் அளந்து இரண்டு பரப்பு வந்தால், ஒரு சங்கிலி பிழை என்று அர்த்தம். இதில் எந்தச் சங்கிலி பிழை?”

பக்கத்தில் இருந்த மச்சான் தன் கைத்தொலைபேசியை நீட்டினார். உயிரோடு பிடித்த நத்தையின் ஓட்டுக்கு 27,000 ஆண்டு வயது சொன்ன முறை இது என்று யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். “இரண்டு சங்கிலியும் பிழை” என்றார் அவர்.

மச்சானின் கேள்வியைத்தான் முதலில் எடுத்தேன், ஏனென்றால் அந்தச் செய்தியில் ஒரு பாதி உண்மை. 1984இல் அலன் ரிக்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ஊற்றுகளில் வாழ்ந்த நத்தைகளை அளந்தார். அவற்றின் ஓடுகளில் இக்காலத்து அளவில் 3.3 சதவீதம் காபன்-14 மட்டுமே இருந்தது. அதை வயதாக மாற்றினால் 27,000 ஆண்டு வரும். அனுப்பியவர் விட்டுவிட்ட மறுபாதியும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. அந்த ஊற்று நீர் சுண்ணக்கற்பாறைகளுக்கு ஊடாக நெடுங்காலம் நிலத்தடியில் ஓடி வந்தது. பாறையின் காபன் கோடிக்கணக்கான ஆண்டு பழையது. அதில் காபன்-14 ஒரு துளியும் மிச்சமில்லை. நத்தை அந்த நீரில் கரைந்திருந்த காபனை எடுத்து ஓடு கட்டியது. கருவி அளந்தது நீரின் காபனை, அதைச் சரியாகவே அளந்தது. ரிக்ஸ் அதைத் தேடிப் போய் அளந்து, காரணத்தோடு எழுதினார். ஆற்றுச் சிப்பிகள் பொய்யான முதுமை காட்டும் என்று 1963இலேயே கட்டுரை வந்துவிட்டது. ஒரு முறையின் எல்லையை அந்தத் துறையினரே கண்டுபிடித்து அறிவித்திருக்கும்போது, அந்த அறிவிப்பைக் கிழித்தெடுத்து முறைக்கு எதிரான சாட்சியாகக் காட்டுவது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது. அந்த நத்தை இனம் நமக்கு அந்நியமானதும் அல்ல. இலங்கையின் வாய்க்கால்களிலும் குளங்களிலும் வாழும் ஒடுங்கிய, நீள்சுருள் நன்னீர் நத்தைதான் அது.

ஆனால் மச்சானின் கேள்வியிலிருந்து நமக்கு வேண்டிய ஒன்று கிடைத்தது. ஓட்டின் வயதைக் கேட்கும் முன்பு, அந்த ஓட்டின் காபன் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

மரத்துக்கு அந்தக் கேள்வி எளிது. அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் காபன்-14 உண்டாகிறது; அது காபனீரொட்சைட்டாகி இலை வழியே மரத்துக்குள் போகிறது; மரம் பட்டால் வரவு நின்று, இருப்புத் தேய்கிறது. 5,730 ஆண்டில் பாதி. வில்லார்ட் லிபி 1949இல் இதைச் செய்துகாட்டி, 1960இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆய்வுகூடங்கள் இன்றும் வயதை அறிவிக்கும்போது லிபியின் பழைய எண்ணான 5,568ஐயே பயன்படுத்துகின்றன. ‘இன்று’ என்பதற்கு 1950ஐ வைத்துக்கொள்கின்றன. பிறகு வயது தெரிந்த மரவளையங்களைக் கொண்டு வரைந்த அளவுதிருத்த வளையியோடு (வளைகோட்டோடு) ஒப்பிடும்போதுதான் அது நாட்காட்டி ஆண்டாகிறது. ஆகவே ஆய்வுகூடத் தாளில் உள்ள எண் முடிந்த விடை அல்ல, இடைநிலைக் கணக்கு. இதை அண்ணா நாற்பது ஆண்டு அறியாமல் இருந்தார். அவர்மேல் குற்றமில்லை, தாள் அதைச் சொல்லவில்லை.

கடற்சிப்பிக்கு இதற்குமேல் இரண்டு திருத்தம் உண்டு. எங்கள் 400 ஆண்டு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருந்தது.

முதலாவது, உயிரிகள் காபனைத் தெரிவுசெய்து எடுப்பது. தாவரம் பாரம் குறைந்த காபன் அணுவைக் கூடுதலாக எடுக்கும். சிப்பி ஓட்டிலோ காபனின் பாரமான அணு வகைகள் (சமதானிகளான காபன்-13, காபன்-14) கூடுதலாகச் சேரும். காபன்-13இன் அளவைப் பார்த்தால் இந்தச் சாய்வு தெரியும். மரத்துக்கும் கடற்சிப்பிக்கும் இடையே அது ஆயிரத்தில் ஏறத்தாழ 25 பங்கு. காபன்-14 இன்னும் பாரமானது என்பதால் அதற்கு இதைப்போல இரண்டு மடங்கு: ஆயிரத்தில் 50, அதாவது 5 சதவீதம். 5 சதவீதம் கூடுதல் காபன்-14 இருந்தால் ஓடு 400 ஆண்டு இளமையாகத் தோன்றும். எல்லா மாதிரிகளையும் ஒரே நிலையில் நிறுத்த, காபன்-13ஐ அளந்து இந்தச் சாய்வை நீக்குவது இன்றைய வழக்கம். நீக்கினால் சிப்பியின் வயது 400 ஆண்டு கூடும்.

இரண்டாவது, கடல். மேற்பரப்பு நீர் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆழ்கடல் நீரோடும் கலக்கிறது. ஆழ்கடல் நீர் பல நூற்றாண்டுகளாகக் காற்றைக் காணாதது. அதன் காபன்-14 தேய்ந்துபோயிருக்கும். ஆகவே, அணுகுண்டுச் சோதனைகளுக்கு முந்திய காலத்தில் கடலில் உயிரோடு எடுத்த சிப்பிகூட ஏறத்தாழ 400 ஆண்டு ‘வயதோடு’ இருந்தது. இதைக் கழிக்க வேண்டும்.

ஒரு திருத்தம் 400ஐக் கூட்டுகிறது, மற்றது 400ஐக் கழிக்கிறது. இரண்டையும் செய்யாமலே விட்டால், பிழைகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும். பழைய தாளில் நடந்தது இதுதான். காபன்-13 பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. புதிய தாளிலோ காபன்-13 திருத்தம் மட்டும் உண்டு, கடலின் 400ஐக் கழிக்கவில்லை. கணக்குக்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். அந்த மட்டி வாழ்ந்த நாளில் கரையில் ஒரு மரம் எரிந்து கரியாகி, அதற்கு 5,000 கதிர்க்காபன் ஆண்டு வந்தது என்று வையுங்கள். எந்தத் திருத்தமும் செய்யாத மட்டிக்கும் ஏறத்தாழ 5,000 வரும். காபன்-13 திருத்தம் மட்டும் செய்த மட்டிக்கு 5,400 வரும். அதே மட்டியில் கடலின் பங்கையும் கழித்தால் மறுபடியும் 5,000. வளையியில் வைத்துப் பார்த்தால் 5,000 வந்த மூன்றுக்கும் நாட்காட்டி விடை ஒன்றே: ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன்.

பெறாமகள் தொலைபேசியில் இதைக் கேட்டதும், “அப்படியென்றால் சித்தப்பா, பழைய எண்ணை எடுத்துக் கடற்சிப்பிக்கான வளையியில் போட்டால்?” என்றாள். கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த வளையி கடலின் 400ஐத் தானே கழித்துவிடும். அப்படிப் போட்டால் கூட்டாததைக் கழித்ததாகிவிடும்; விடை 400 ஆண்டு பொய்யாக இளமை காட்டும். பழைய கட்டுரைகளில் இருக்கும் சிப்பி வயதுகளை இன்றைய கணினி நிரலில் அப்படியே போடுகிறவர்கள் விழும் குழி இதுதான். முதலில் அந்த ஆய்வுகூடம் அந்தக் காலத்தில் என்ன வழக்கத்தைப் பின்பற்றியது என்று தேட வேண்டும்.

அண்ணாவுக்கு நான் சமன்பாடு எழுதிக் காட்டவில்லை. ஒரு கோபுரத்தின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து ஒருவரும், கிணற்றுக் கட்டிலிருந்து இன்னொருவரும் அளந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் முடிக்க விடவில்லை. “இரண்டு சங்கிலியும் சரி. தொடக்கக் குறிதான் வேறு” என்றார்.

ஆனால் விடை இத்தனை நேர்த்தியாக வந்ததே எனக்கு நெருடியது. அடுத்த ஞாயிறு பேணியை மேசையில் கொட்டினோம். மட்டிகள், ஒரு சங்குத் துண்டு, பிறகு கண்டற் சேற்றில் ஊரும் கூம்பு வடிவக் கறுப்பு ஊரிகள் சில. பழைய ஆய்வுகூடம் காபன்-14 சிதைவதை எண்ணும் முறையைப் பின்பற்றியது. அதற்குப் பல கிராம் ஓடு வேண்டும். ஆகவே பல ஓடுகளைச் சேர்த்து அமிலத்தில் கரைத்திருப்பார்கள். புதிய முறை அணுக்களையே எண்ணுகிறது. பத்து மில்லிகிராம் அளவு ஓடு போதும். பழைய எண் ஒரு கூட்டத்தின் சராசரி, புதிய எண் ஒரு மட்டியின் வயது. அந்தக் கூட்டத்தில் ஊரிகளும் இருந்திருந்தால் கணக்கு இன்னும் கலங்கும். நீரை வடித்து உண்ணும் மட்டி பெரும்பாலும் நீரின் காபனையே ஓட்டில் வைக்கும். சேற்றை விழுங்கும் ஊரி சேற்றில் உள்ள பழைய காபனையும், சுண்ணக்கல் உள்ள இடமானால் அதன் துகளையும் சேர்த்துக்கொள்ளக்கூடும். அலைகளுக்குள் உருண்டு கிடக்கும் ஓடுகளுக்கு இன்னொரு சிக்கல்: உயிர் போய் எத்தனை நூற்றாண்டு கழித்து அந்தப் படைக்கு வந்து சேர்ந்தன என்று தெரியாது. இங்கேதான் அண்ணாவின் நூல் வந்து நிற்கிறது. மட்டி செத்தால் இரண்டு மூடியையும் பிணைக்கும் தசைநார் விரைவில் அழுகிப்போகும். அலை புரட்டினால் மூடிகள் பிரிந்துவிடும். சேர்ந்தே கிடந்தவை அந்த இடத்திலேயே வாழ்ந்து, அங்கேயே புதைந்தவை. பெறாமகள் அதைத் தெரிந்தே அந்த மட்டியை எடுத்திருக்கிறாள்.

ஓடு மண்ணுக்குள் கிடந்தபோது மாறிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். மட்டியும் சங்கும் கல்சியம் காபனேற்றை அரகொனைற்று என்ற பளிங்கு வடிவில் கட்டுகின்றன. நிலத்தடி நீர் அதைக் கரைத்து மறுபடி படியவைத்தால் கல்சைற்று உண்டாகும். அதோடு புதிய காபனும் உள்ளே நுழையும். ஃபைகல் கரைசல் என்று ஒன்று உண்டு. மங்கனீசு சல்பேற்றும் வெள்ளிச் சல்பேற்றும் சேர்த்துச் செய்வது. அதில் இட்டால் அரகொனைற்று கறுக்கும், கல்சைற்று கறுக்காது. ஊடுகதிர்ச் சோதனை இன்னும் நுணுக்கமானது. புதிய தாளில் அது செய்யப்பட்டு, மட்டி முழுக்க அரகொனைற்று என்று இருந்தது. வெளிப்புறத்தை அமிலத்தால் அரித்து நீக்கிய பிறகே மாதிரி எடுத்திருந்தார்கள். பாறைச்சிப்பிக்கு இந்தச் சோதனை உதவாது. அதன் ஓடு பிறப்பிலேயே பெரும்பாலும் கல்சைற்று.

இந்தக் கலப்படம் எவ்வளவு வலிது என்பது வயதைப் பொறுத்தது. 5,000 ஆண்டு ஓட்டில் ஒரு சதவீதம் புதிய காபன் கலந்தால் ஏறத்தாழ 70 ஆண்டு இளமை, பொறுத்துக்கொள்ளலாம். 40,000 ஆண்டு ஓட்டில் அதே ஒரு சதவீதம் 7,000 ஆண்டை அழித்துவிடும். எங்கள் மட்டி முதல் வகை. பாஹியங்கல, பத்தடொம்ப லென போன்ற இலங்கையின் தொல்மாந்தர் குகைகளில் பல்லாயிரம் ஆண்டு பழைய ஆழ்ந்த படைகளுக்குக் கரியை முதன்மையாக நம்புவது ஏன் என்று இதிலிருந்து விளங்கும்.

எங்கள் ஆய்வில் தீராமல் நின்றது கடலின் பங்கு. 400 என்பது உலகச் சராசரி. அதுகூட அசைகிறது: 2020இல் வெளியான கடல் வளையியில் சராசரி ஏறத்தாழ 550 ஆகிவிட்டது. ஒவ்வொரு கரைக்கும் சராசரியிலிருந்து விலகும் அளவைத் தனியே சேர்க்க வேண்டும். முந்திய வளையிக்குக் கணித்த விலகலைப் புதிய வளையியோடு பூட்டினால் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பிழையாகிவிடும். நம் தீவின் இருப்பிடமும் இதை எளிதாக்கவில்லை. சோளகக் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் சோமாலியா, ஓமான் கரைகளில் ஆழ்கடல் நீர் மேலெழுகிறது. அதனால் அரபிக்கடலின் சிப்பிகள் பொதுவாக வங்காள விரிகுடாவின் சிப்பிகளைவிட முதுமை காட்டும். சோளகத்தில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே போகும். வாடையில் (வடகிழக்குப் பருவக்காற்றில்) வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் தீவைச் சுற்றி மேற்குக் கரைக்கு வரும். கொழும்புக் கடலில் வாழும் ஒரு மட்டி ஒரே ஆண்டில் இரண்டு கடல்களின் காபனையும் ஓட்டில் எழுதிக்கொள்கிறது.

எங்கள் குழியோ திறந்த கடலோரத்தில் இல்லை, புத்தளம் கடனீரேரிப் பக்கம் இருந்தது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அந்த ஏரியில் கலக்கின்றன. ஆறு கொண்டுவரும் நீரில் காற்றின் புதிய காபனும் இருக்கலாம், அப்பகுதிச் சுண்ணக்கல்லின் பழைய காபனும் இருக்கலாம்; ஒன்று இளமையாக்கும், மற்றது முதுமையாக்கும். காபன்-13 அளவுகோலில் கடற்சிப்பி பூச்சியத்தை ஒட்டி நிற்கும்; புதிய தாளில் அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆற்று நீரின் சாயல் கொஞ்சம் உண்டு என்று அதை வாசிக்கிறேன். எவ்வளவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் பெறாமகளின் அறிக்கைக்கு ஒப்புக்கொண்ட வாசகம் இதுதான்: மட்டி நம்பத் தகுந்தது, அளவீடு நம்பத் தகுந்தது, நாட்காட்டி வயதைச் சில நூற்றாண்டு அகலமுள்ள வீச்சாகவே தர முடியும். மச்சானுக்கு அது தோல்வியாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒற்றை எண்ணுக்கு ஆசைப்பட்டு அந்த வீச்சை மறைப்பதுதான் தோல்வி.

சில நூற்றாண்டு போதுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றையதைவிடச் சற்று உயர்ந்து நின்றதா என்பதே கேள்வி என்றால், போதும். ஜினதாச கட்டுப்பொத்த 1988இல் வெளியிட்ட மேற்கு, தெற்குக் கரைச் சிப்பிகளினதும் முருகைக்கற்களினதும் கதிர்க்காபன் வயதுகள் இத்தகைய கேள்விக்குத்தான் சான்றாகின்றன. மன்னார்ப் பக்கத்துப் பழந்துறைமுகமான மாதோட்டத்தில் ஒரு சங்குத் துண்டை வைத்து வரலாறு எழுதப் புகுந்தால் போதாது. 400 ஆண்டு தவறினால் சோழர் காலத்து 11ஆம் நூற்றாண்டுச் சங்கு, அநுராதபுர அரசின் 7ஆம் நூற்றாண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கீழடியின் கி.மு. 580 என்ற எண்ணை நாம் பெருமையோடு சொல்கிறோம். அது கரியிலிருந்து வந்தது. நம் கரையோர ஊர்களின் தொன்மையைச் சிப்பியைக் கொண்டு சொல்லப் புகும்போதும் அதே உறுதி வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அந்த உறுதிக்கு வழி இருக்கிறது. அது கொழும்பிலேயே சில அலுமாரிகளில் தூங்கிக்கொண்டிருக்கவும் கூடும். 1950களிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் 1963 அளவில் வடவரைக்கோளத்தின் வளிமண்டலக் காபன்-14ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. பிறகு அது கடலிலும் இறங்கியது. அதற்கு முன்பு, உயிரோடு எடுத்த நாளும் இடமும் எழுதிய சிப்பி ஒன்று கிடைத்தால், அதன் உண்மை வயது நமக்குத் தெரியும். அதன் கதிர்க்காபன் வயதை அளந்தால், அந்தக் கரைக்கான விலகல் கையில் வந்துவிடும். பழைய பாடசாலைகளின் உயிரியல் ஆய்வுகூடங்களில் மை மங்கிய சீட்டோடு சங்குகளை நான் பார்த்திருக்கிறேன். பழையதை ஒதுக்கும்போது சீட்டைக் குப்பையில் போட்டு, சங்கை அலங்காரத்துக்கு எடுத்து வைப்பார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். சீட்டு இல்லாத சங்கு இந்த வேலைக்கு ஒன்றுமில்லை.

கரி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே படையில் மட்டியும் சுள்ளிக் கரியும் சேர்ந்திருந்தால், இரண்டையும் அளந்து அந்தக் காலத்து ஏரி நீரின் பழங்காபனை நேரே காணலாம். அண்ணாவின் கோட்டுப்படத்தில் படைக்கு மேலே ‘கறுப்பு மண், 2 அங்குலம்’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை அவர் அள்ளவில்லை.

இரண்டு தாள்களையும் பேணிக்குள் திரும்ப வைக்கும் முன் அண்ணா பென்சில் எடுத்தார். பழையதில் ‘காபன்-13 திருத்தம் இல்லை, கடல் திருத்தம் இல்லை, பல ஓடுகள்’ என்றும், புதியதில் ‘காபன்-13 திருத்தம் உண்டு, கடல் திருத்தம் இல்லை, ஒரே மட்டி’ என்றும் எழுதினார். பிறகு கற்பிட்டிக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்துக் காணியில் இந்த ஆண்டு கிணறு வெட்டுவதாக இருக்கிறார்களாம். சிப்பி தெரிந்ததும் மண்வெட்டியை நிறுத்தச் சொன்னார். தான் பஸ்ஸில் வந்துவிடுவதாகவும், அதுவரை அந்தக் கறுப்பு மண்ணை யாரும் மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார்.